மகன் கையில் கொடுத்த கவர்

கேள்வி:

ஐயா, கும்பகோணத்துக்கு மேற்கே அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த ஒருவரை உட்காரவைத்து வரைந்தேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார். அவரை வைத்து 40 படத்துக்கு மேல் போட்டிருக்கிறேன். என்னைத் 'தம்பி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். அவருக்கு இப்போது 74 வயது. முதல் இரண்டு வருடம் ஒரு நாள் கூலி கொடுத்தேன். அப்புறம் அவரே, 'ஞாயித்துக்கிழமை காப்பி குடிக்க வர்றேன், அதுக்கு எதுக்குத் தம்பி கூலி' என்று வாங்க மறுத்துவிட்டார். கொல்லைக் கொட்டகையில்தான் வரைவேன். கொல்லை வழியாக வருவார், காப்பி குடிப்பார், பேசிக்கொண்டே உட்காருவார், போவார்.

போன வருடம் சென்னையில் ஒரு கண்காட்சியில் அவரை வரைந்த படம் 1,80,000 ரூபாய்க்கு விற்றது. 'விவசாயி' என்று தலைப்பு வைத்திருந்தேன். அவர் மகன் அதைச் செல்போனில் பார்த்துவிட்டு, 'எங்கப்பா முகத்தை வச்சுத்தானே சார் இந்தக் காசு' என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே 25,000 ரூபாயைக் கவரில் போட்டு மகன் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்து கவரைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். 'தம்பி எனக்குக் கூலி குடுத்துட்டாரு' என்று அவர் டீக்கடையில் சொன்னாராம். நான்கு மாதமாக வரவில்லை. வழியில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குக் கை வேறு நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

நான் குறைவாகக் கொடுத்துவிட்டேனா? அவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? பாதியில் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டோ பார்த்து முடிக்கலாமா? இன்னொன்று, மழைக்காலத்தில் கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கிறது. அதற்கு என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஓவியருக்கு,

நீங்கள் குறைவாகக் கொடுக்கவில்லை. ஒரு லட்சம் வைத்திருந்தாலும் அந்தக் கவர் திரும்பி வந்திருக்கும்.

கொடிக்கால் வேலை உங்களுக்குத் தெரியும். கொடி படரும் அகத்தி மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிக் கொடியைக் கட்ட வேண்டும், வெற்றிலையைக் காம்போடு கிள்ள வேண்டும், எண்ணிக் கவுளி கவுளியாக, கட்டுக்கட்டாக, அடுக்க வேண்டும். அங்கே இலைக்கும் எண்ணிக்கை, ஆளுக்கும் எண்ணிக்கை. வாரம் முழுக்க அப்படித் தன் உடம்புக்கு விலை வைத்துப் பிழைத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் விலை இல்லாததாக வைத்துக்கொண்டார். கூலிக்குப் போகிற ஒருவர் கூலி வேண்டாம் என்று சொல்வது பெரிய காரியம். உங்கள் இருவருக்கும் நடுவில் சிநேகம் என்று ஒன்று தொடங்கியது அன்றைக்குத்தான். தொடங்கிவைத்தவர் அவர்.

இப்போது அந்தக் கவரை அவர் இடத்திலிருந்து பாருங்கள். கூலியை நிறுத்தி இருபது வருடம். வருடத்துக்கு ஐம்பது ஞாயிறு என்று வைத்தால் ஆயிரம் ஞாயிறு. 25,000 ரூபாயை அதால் வகுத்தால் ஒரு ஞாயிற்றுக்கு 25 ரூபாய். நீங்கள் இப்படி நினைத்துக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவரும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் தானமாகக் கொடுத்த ஆயிரம் காலைகளுக்கும் ஒரே நாளில் விலை போட்டு, கணக்கை முடித்த மாதிரி ஆகிவிட்டது. அதையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகன் கையில். இருபத்திரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது ஆள் கைமாற்றிவிடும்படி என்ன வந்தது? அவருக்கு வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஓவியர் வான்கோவும் அவருடைய தபால்காரரும் நினைவுக்கு வந்தார்கள். 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் ரயில் நிலையத் தபால் வேலையில் இருந்தவர் ஜோசப் ரூலன். வான்கோ அவரையும் அவர் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர்களில் கடைசிக் குழந்தை அந்த வருடம்தான் பிறந்திருந்தது. உட்கார்ந்ததற்கு ரூலன் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட்டுக் குடித்ததில் கூலியைவிடச் செலவு கூடிப்போனதாக வான்கோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த டிசம்பரில் வான்கோ காதை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்துக்கொண்டவர் ரூலன். தம்பி தியோவுக்கு நிலைமையை எழுதித் தெரிவித்தவரும் அவர்தான். காசை ஒதுக்கி வைத்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் வீட்டுக் காப்பியும் அப்படி வந்ததுதான்.

அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் பணத்தோடு இது முடிந்துவிடவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. முதலாவது அந்தத் தலைப்பு. 'விவசாயி'.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, நானே செய்த தவறு. நான் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் உருவப்படம் சொல்லிக்கொடுத்தவன். எங்கள் வகுப்புக்கு ஒருவர் பல வருடம் மாடலாக வந்தார். கல்லூரி ரசீதில் அவர் பெயருக்கு நேரே 'மாடல் - ஆண்' என்று எழுதி, கையெழுத்து வாங்கி, நாள் கூலி கொடுப்பார்கள். நல்ல உடல்வாகு, அசையாமல் நிற்பார். ஒரு நாள் கோவணத்தோடு முனிவர், ஒரு நாள் தட்டேந்திய பிச்சைக்காரர், ஒரு நாள் வலை தோளில் போட்ட மீனவர். மாணவர்களோடு சேர்ந்து நானும் வரைவேன். தாள்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. ஒரு கோடை விடுமுறையில் அவர் இறந்துபோனார். எனக்குத் தகவல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் அவர் மகள் என் வீட்டைத் தேடி வந்தாள். மாலை போட்டு வைக்க வீட்டில் நல்ல படம் இல்லையாம். 'அப்பா அப்பாவா இருக்கிற படம் ஒண்ணு இருந்தா குடுங்க சார்' என்றாள்.

இரவெல்லாம் தேடினேன். முனிவர் இருந்தார், பிச்சைக்காரர் இருந்தார், முதுகு இருந்தது, கை கால்கள் இருந்தன. அவளுடைய அப்பா இல்லை. கடைசியில் ஒரு தாளின் மூலையில், இடைவேளையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் டீ குடித்ததை நான் ஐந்து நிமிடத்தில் கிறுக்கியிருந்தது கிடைத்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதை வெட்டிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்துக் கோயில்களையே பாருங்கள். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் கருவறையின் வெளிச்சுவரில், மாடங்களில் நிற்கும் ஆண்களையும் பெண்களையும் நீங்கள் எத்தனையோ தடவை வரைந்திருப்பீர்கள். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியவை. அந்தப் பெண்களின் உதட்டையும் இடுப்பின் சாய்வையும் பார்த்தால், யாரோ ஒருத்தி சிற்பியின் முன்னால் வந்து நின்றிருக்கிறாள் என்று நமக்கு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு, சந்தேகமே வராது. ஆனால் பெயர் இல்லை. அரச குடும்பத்தார் என்பார் ஒருவர், ராமாயணப் பாத்திரங்கள் என்பார் இன்னொருவர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோனேரிராஜபுரம். அங்கே சோழ அரசி செம்பியன் மாதேவி கட்டிய கற்கோயிலில், சிவலிங்கத்தை வணங்கும் தன் கணவர் கண்டராதித்தரின் உருவத்தைச் செதுக்கவைத்து, கீழே கல்வெட்டில் பெயரையும் வெட்டவைத்தார். ஆயிரம் வருடம் கழித்தும் அவர் கண்டராதித்தர்தான். வேறு யாராகவும் ஆக்க முடியவில்லை.

தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்குப் போட்டுக் கொடுத்த கம்பெனி பாணிப் படங்களும் இருக்கின்றன. புருஷனும் பெண்சாதியுமாக ஜோடி ஜோடியாக நிற்பார்கள். கையில் தொழில் கருவி, கீழே சாதி அல்லது தொழிலின் பெயர். எவ்வளவு நுணுக்கமான புடவைக் கரை, எவ்வளவு அக்கறையான தலைப்பாகை! ஆனால் அந்த மனிதர் யார்? உங்கள் 'விவசாயி'யும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டது. அவர் மகன் செல்போனில் அதைப் பார்த்தபோது காசு மட்டும் கண்ணில் பட்டிருக்காது. அப்பாவின் முகம் இருந்தது, அப்பாவின் பெயர் இல்லை. 'எங்கப்பா முகத்தை வச்சுத்தானே' என்ற வார்த்தையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-இல் திறக்கப்பட்டது. அதற்கு நின்றவர்களில் அவர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியிலேயே காவல் வேலை பார்த்தவரும் உண்டு. கடற்கரைக்குப் போகிற அத்தனை பேருக்கும் சிலை தெரியும். அந்தக் காவலாளியின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

இரண்டாவது விஷயம் இன்னும் கொஞ்சம் கஷ்டமானது. நேராகவே கேட்கிறேன், மன்னியுங்கள். 'கொல்லை வழியாக வருவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் உங்கள் வீட்டு வாசல் வழியாக ஒரு தடவையாவது வந்திருக்கிறாரா? கொட்டகை கொல்லையில் இருக்கிறது, அதனால் அப்படி வந்தார் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் நம் ஊரில் கொல்லை வழிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் சொல்லாமலேயே அவராக அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால், 'வேண்டாம், இப்படி வாங்க அண்ணே' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவர் குடித்த தம்ளர் எது, அதை யார் கழுவினார்கள் என்பதையெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா வாசல் பக்கமாக வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. அது வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

சட்டப்படி நீங்கள் அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக விரும்பி வரைந்த படத்தின் காப்புரிமை உங்களுடையது. அந்தச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்குப் பங்கு உண்டு என்கிறது. பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எதிரில் உட்கார்ந்தவரைப் பற்றி அங்கே ஒரு வரி இல்லை. லண்டனில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த சூ டில்லி என்ற பெண்மணி ஓவியர் லூசியன் ஃபிராய்டுக்கு மாதக்கணக்கில் மாடலாகப் படுத்துக் கிடந்தார். அவரை வரைந்த படங்களில் ஒன்று 2008-இல் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 36 லட்சம் டாலருக்குப் போனது. அவருக்குக் கிடைத்தது உட்கார்ந்த நாட்களுக்கான சின்னக் கூலிதான். உலகம் முழுக்க வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. சட்டம் சும்மா இருக்கிற இடத்தில் மனிதர்கள்தான் பேசி ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை இது. பழைய படங்களுக்குக் கணக்கு வேண்டாம், அது அவர் மனதைப் புண்படுத்தும். இனிமேல் அவரை வரைந்த எந்தப் படம் விற்றாலும், பழையதோ புதியதோ, வந்த தொகையில் இத்தனை பங்கு அவருக்கு அல்லது அவர் மனைவிக்கு என்று இருவருமாகப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் கால்வாசி என்று தொடங்குவேன். 'உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லாதீர்கள். 'இது நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது, வந்தா ரெண்டு பேருக்கும்' என்று சொல்லுங்கள். கூலியை வாங்குகிறவர் கீழே இருப்பார், கொடுக்கிறவர் மேலே இருப்பார். பங்கில் அது கிடையாது. நெல் அறுத்துக் களத்தில் பங்கு பிரித்துப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மகனையும் அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளே இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

முதல் நாள் நீங்கள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவரைக் கூப்பிட்டு ஆள் அனுப்பக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வழக்கமாக உங்களைத் தேடி வந்த அதே நேரத்துக்குப் போங்கள். கவர் வேண்டாம், படமும் வேண்டாம். நாம் ஒரு வீட்டுக்குப் போனால் என்ன கொண்டுபோவோமோ அதைக் கொண்டுபோங்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் பூ. அவர் எதில் உட்காரச் சொல்கிறாரோ அதில் உட்காருங்கள், என்ன குடிக்கக் கொடுத்தாலும் குடியுங்கள். நிச்சயம் வெற்றிலை எடுத்து நீட்டுவார். பழக்கம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது என்று தெரியாமல் நான்கு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். நீளமாக ஒன்றும் வேண்டாம். 'அண்ணே, அந்தக் காசை உங்ககிட்ட கேக்காம உங்க மகன்கிட்ட குடுத்தது தப்பு. கூலியா நெனச்சுக் குடுக்கல. ஆனா அப்படித்தான் ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க.' இவ்வளவு போதும். மகன் கேட்டதால்தான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் சண்டை மூட்டிவிடும். அவர் உடனே சிரித்துப் பேசாமல் இருக்கலாம். நெல்லைப் பற்றியோ மேட்டூர்த் தண்ணீரைப் பற்றியோ பேசிவிட்டு எழுந்துவிடலாம். பரவாயில்லை. அடுத்த ஞாயிறும் போங்கள். அவர் ஆயிரம் தடவை வந்திருக்கிறார். நீங்கள் பத்துத் தடவை போனால் குறைந்துவிட மாட்டீர்கள்.

கை நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் மற்ற யாரையும்விட அதிகம் உதவ முடியும், ஏனென்றால் அந்தக் கையை இருபத்திரண்டு வருடம் உற்றுப் பார்த்தவர் நீங்கள். தொடைமேல் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறதா, அல்லது தம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரு கையா, இரண்டு கையுமா? நடை மாறியிருக்கிறதா? சும்மா இருக்கும்போது வரும் நடுக்கத்துக்கும் வேலை செய்யும்போது வரும் நடுக்கத்துக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு, வைத்தியமும் வேறு. நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளும் இவைதான். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நீங்கள் தஞ்சாவூருக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். வண்டியிலோ பஸ்ஸிலோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது பேச்சும் தானாக வரும். எதிரெதிரே உட்கார்ந்தே பழகிய உங்களுக்கு அது புதிதாக இருக்கும்.

இனி அந்தப் பாதிப் படம். போட்டோ பார்த்து முடிக்காதீர்கள். போட்டோவை நான் மட்டமாகப் பேசவில்லை. அதை வைத்து நல்ல படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் படம் அப்படித் தொடங்கியது அல்ல. ஒருவர் வந்து உட்கார்ந்ததும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் முகத்தை நமக்காகப் பிடித்து வைத்திருப்பார், அது உங்களுக்கும் தெரிந்ததுதான். அப்புறம் மெல்லத் தளரும். தாடை இறங்கும், ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் களைக்கும், யோசனை எங்கோ போகும். அந்த முகத்துக்காகத்தான் நாம் காத்திருக்கிறோம். செல்போன் பிடிப்பது ஒரு நொடியில் சின்னப் பங்கு. கிட்டே வைத்து எடுத்தால் மூக்கைப் பெரிதாக்கும், காதைப் பின்னுக்குத் தள்ளும், கழுத்துக்குக் கீழ் நிழலில் நீங்கள் பார்த்திருக்கும் பச்சையையும் செம்மண் நிறத்தையும் வெறும் கறுப்பாக்கிவிடும். பாதி முகம் உட்கார்ந்து பார்த்தது, பாதி முகம் நொடியில் பிடித்தது என்று ஒட்டுப்போட்டால் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரியும்.

அவர் திரும்ப வந்தால், பழைய மாதிரி ஒரு மணி நேரம் உட்காரவைக்காதீர்கள். கல்லூரியில் வாலிப மாடல்களுக்கே இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு கொடுப்போம். 74 வயதுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கை வைத்த நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு மணை. நாற்காலிக் கால்களையும் அவர் பாதத்தையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தால் எழுந்து போய்வந்தாலும் இடம் மாறாது. நடுங்கும் கையை மறைக்கப் பார்க்காதீர்கள். நடுக்கத்தையே படமாக்கிக் காட்டவும் வேண்டாம். தொடைமேல் தளர்ந்து கிடக்கட்டும், கிடக்கிற மாதிரி வரையுங்கள். நான்கு மாதத்தில் முகம் மாறியிருக்கும். பழைய கேன்வாஸை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினாலும் நல்லதுதான்.

பிரெஞ்சு ஓவியர் செசான் தன் கடைசிக் காலத்தில் தோட்டக்காரர் வாலியேவைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். 1906 அக்டோபரில் வெளியில் போய் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து மயங்கி விழுந்தார். வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை எழுந்து தோட்டத்துக்குப் போனார், வாலியேவின் படத்தில் வேலை செய்ய. ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டார். உட்கார்ந்தவரும் கிழவர், வரைந்தவரும் கிழவர். அந்தப் படங்களில் வாலியேவின் முகத்தில் கண்மூக்கு அவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனாலும் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். உங்கள் படம் முடியாமலே நின்றாலும் எனக்கு வருத்தம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். உங்கள் வாசல் திண்ணை எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதவில்லை. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அங்கே நேர் வெயில் விழாமல் வெளிச்சம் வருமானால் அங்கேயே படம் வைத்து வரையும் ஈசல் தாங்கியைப் போடுங்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். நாற்பது படத்தில் ஒன்றாவது அவர் வீட்டில் இருக்கிறதா? இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அவரிடம் கேளுங்கள், தன்னை எப்படி வரைந்தால் பிடிக்கும் என்று. உங்களுக்குப் பிடித்த வெற்றுடம்பும் தலைப்பாகையும் அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வெள்ளைச் சட்டை, நல்ல வேட்டி, பக்கத்தில் மனைவி, இருவரும் நேராகப் பார்த்தபடி, ஸ்டுடியோவில் எடுத்த மாதிரி வேண்டும் என்பார். நம் ஊர்களில் எல்லாருக்கும் வேண்டியது அதுதான். ஓவியனுக்கு அது சலிப்பான படம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கிற வித்தை அத்தனையும் அதில் போடுங்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் அது தொங்கட்டும், அவர் இருக்கும்போதே.

விற்றுப்போன படத்தை வாங்கியவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம். தலைப்பை மாற்ற விரும்புகிறேன், இவர் பெயர் இன்னது, ஊர் இன்னது, இத்தனை வருடமாக என் நண்பர் என்று. வாங்கியவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். முன்பின் தெரியாதவர் வீட்டில் தன் பெயர் தொங்குவதை அவர் விரும்பாமலும் இருக்கலாம். அப்படியென்றால் தலைப்பை எடுத்துவிட்டு வெறும் தேதியைப் போடச் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துச் சுவர் ஈரம் கேன்வாஸின் பின்புறம் ஏறும். துணிக்குப் போட்ட பசை பூஞ்சைக்கு நல்ல தீனி. படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க்குத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். தரையில் சாய்த்து வைப்பதும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் சுற்றி வைப்பது அதைவிட மோசம். பிடித்துவிட்டால் நிழலில் காற்றோட்டமாக வைத்து நன்றாகக் காயவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, மென்மையான காய்ந்த தூரிகையால் பின்புறத்தை வெளியில் வைத்துத் தட்டிவிடுங்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்கக்கூடாது. சுள்ளென்ற வெயிலிலும் காட்டக்கூடாது, வண்ணம் வெடித்துவிடும்.

அப்படி எல்லாப் படங்களையும் திருப்பிப்போட்டுத் தட்டும்போதே, ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் பெயர், ஊர், உட்கார்ந்த மாதம், வருடம் எழுதிவிடுங்கள். துணியில் எழுத வேண்டாம், பால்பாயின்ட் மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியும். மரச்சட்டத்தின் கட்டையில், பென்சிலால்.